ஒன்றுகூட வரவில்லை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு மாதம் கழித்துக் கடிதமா என்று உறையைக்கூடக் கிழிக்காமல் ஓரமாக வைத்திருப்பாய். கிழித்துவிட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மார்ச் 20ஆம் தேதி ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டாம் வருடச் சோதனை. மூளையில் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் முடிந்தவர்களை உட்காரவைத்து, அதற்குப் பின் வலிப்பு வந்ததா, எத்தனை வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதை வைத்துத்தான் மிச்ச மாத்திரையையும் நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார். அதற்கு என் பழைய ஆஸ்பத்திரி அட்டையும், நீ வருடக்கணக்காக எழுதிவந்த வலிப்பு நோட்டும் வேண்டுமாம். இரண்டும் உன் அலமாரியில்தான் இருக்கின்றன. தபாலில் அனுப்பிவிடு.

நான் நன்றாக இருக்கிறேன். ஒன்றுகூட வரவில்லை. பைண்டிங் பட்டறையில் என்னைக் கட்டிங் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்நூறு தாளை ஒன்றாக அடுக்கித் தட்டி, பிளேடுக்குக் கீழே தள்ளி, மிதியை மிதித்தால் வெண்ணெய் மாதிரி நறுக்கிவிடும். கத்தரிக்கோலையே என் கைக்கு எட்டாமல் வைத்தவள் நீ. பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவாய்.

இன்னொரு செய்தி. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். எந்த மாத்திரைக்கும் வலிப்பு அடங்காமல், ஆபரேஷன் என்றதும் அரண்டுபோய் வரும் குடும்பங்களுக்கு நான் பேச வேண்டும். முடியை விலக்கி வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே உள்ள தழும்பைக் காட்டுவேன். மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். தையல்கார அம்மா ஒருவர், பதினேழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை வந்தார். என்னிடம் பேசிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். செப்டம்பரில் ஆபரேஷன் முடிந்தது. அந்தப் பெண் இப்போது என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள்.

கிளம்பிய அன்று நான் சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி


பிப்ரவரி 17

துரை அவர்களுக்கு,

உறையைக் கிழித்தேன். சோற்றுக் கையோடு கிழித்தேன், போதுமா?

அட்டை இதனுடன் இருக்கிறது. நோட்டு கைக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

கோபத்தில் வந்த வார்த்தை என்கிறாய். அது என்ன வார்த்தை என்று எழுதக்கூட உனக்கு வாய் வரவில்லை. நான் எழுதுகிறேன். பஸ் நிலையத்தில், உன் மாமாவின் எதிரில், "எனக்கு வியாதி போயிடுச்சு, உனக்குத்தான் வேலை போயிடுச்சு" என்றாய். அப்போது அவர் உனக்கு மாமாகூட ஆகவில்லை. என் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எனக்காக ஆறு வருடம் காத்திருந்தவர், அவ்வளவுதான். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத தூசியைச் சட்டையிலிருந்து தட்டினார். அம்மா போன பிறகு பன்னிரண்டு வருடம், நீ குளிக்கும்போது கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் நான். அதற்கு நீ எனக்கு வார்டன் என்று பேர் வைத்தாய். அதற்குக்கூட நான் சிரித்தேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை.

அக்டோபரில் என் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வரி அனுப்பினாய். வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். போன் செய்தால் எடுப்பதில்லை. அப்படி என்ன கோபம் உனக்கு? கோபப்பட வேண்டியவள் நான்.

ஓடுகிற மெஷின் பக்கம் போவதற்கு முன்னால் என்னிடம் கேளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டாயா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

கேட்கவில்லை.

இதற்கு மேல் எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வருகிறது, அக்கா. திரும்ப வருகிறது. பழைய மாதிரி விழுந்து உதறுவது இல்லை. வயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். ரப்பர் கருகுகிற வாடை அடிக்கும். அதன் பிறகு கால் நிமிடம் நான் இருக்க மாட்டேன். முதல் தடவை போன பிப்ரவரியில், நம் வீட்டுச் சமையலறையில். ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நினைவு வந்தபோது பாத்திரம் வழிந்து கால் நனைந்திருந்தது. நீ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். தரையைத் துடைத்தேன், பிழிந்தேன், ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டேன். அடுத்த மாதம் டாக்டர் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை என்றேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

இதுவரை ஒன்பது. ஒன்று கட்டிங் மெஷின் முன்னால் வந்தது. தெளிந்தபோது என் கை பிளேடுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இன்னொன்று உன் கல்யாணத்துக்கு வந்த பஸ்ஸில். புதுச்சட்டை போட்டிருந்தேன். தெளிந்து பார்த்தால் சட்டை முன்பக்கம் எச்சில், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டிருந்தார். பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். போன் எடுக்காததும் கோபத்தால் இல்லை. பேச்சின் நடுவே நான் நின்றுபோனால் கண்டுபிடித்துவிடுவாயே என்றுதான்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் மூடிவைத்திருப்பேன். போன செவ்வாய்க்கிழமை அந்தத் தையல்கார அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். அந்தப் பெண் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். அவளுக்கும் திரும்ப வந்திருக்கிறது, அம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணுமே வரலையே தம்பி, இவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாத்திரையை நேரத்துக்குப் போடுறாளா?" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

அந்த அம்மா திரும்பி, என் கண் முன்னாலேயே அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு செய்தவள் மாதிரி. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை. போய் மறுபடி மெஷினில் நின்றேன்.

தம்பி


மார்ச் 5

தம்பி,

முதலில் அந்த மெஷினை விட்டு நகரு. இதைப் படிக்கும்போதே நகர்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் வாங்கிய அடியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை. உன் மாமா காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நல்லவராக இருப்பதே எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நோட்டு தொலையவில்லை. அலமாரியில், என் புடவைகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அதை அனுப்ப எனக்கு முகம் இல்லை.

போன பிப்ரவரியில் நான் மாடியில் இல்லை. கிளிப் எடுக்கக் கீழே வந்திருந்தேன். சமையலறைக் கதவருகே நின்று பார்த்தேன். உன் வாய் எதையோ மென்றது. கை சட்டைப் பொத்தானைத் திருகியது. பதினெட்டு விநாடி. எண்ணினேன், பழக்கதோஷம். நீ துணியை எடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கியதும் சத்தம் போடாமல் மாடிக்கு ஏறிவிட்டேன். கீழே நீ துடைத்தாய், மேலே நான் துணி உலர்த்தினேன். நல்ல அக்கா, நல்ல தம்பி.

அன்று நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். பேனாவை வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒன்றுதான். மூன்று வாரம் கழித்து வலிப்புப் பிரிவு சிஸ்டர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். நோயாளி மறைத்தாலும் கூட இருப்பவர்கள் சொல்வார்கள் என்றுதான் அப்படிக் கேட்பார்களாம். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன். அவர் சந்தோஷத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னதுகூடக் கேட்டது.

ஏன் சொன்னேன்? தம்பிக்குச் சரியாகட்டும், சரியாகட்டும் என்று ஆறு வருடம் ஒரு மனிதரை நிறுத்திவைத்திருந்தேன். அந்த வாரம்தான் கல்யாணத்துக்குச் சரி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பதினெட்டு விநாடிக்காக மறுபடி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் அழகான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

பஸ் நிலையத்தில் நீ சொன்ன சொல் ஏன் அப்படித் தைத்தது என்று இப்போது புரிகிறதா? வேலை போய்விட்டதே என்று நான் அழவில்லை. அந்த வேலையை விட்டு ஓடிவந்தவள் நான்.

அக்கா


மார்ச் 10

பார்த்திருக்கிறாய்.

பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாய். சட்டைகளை மடித்து வைத்தாய். வேளாவேளைக்குச் சாப்பிடு என்றாய். இங்கே தனியாக ஓர் அறையில், தெரியாத ஊரில், ஒவ்வொரு தடவையும் தெளிந்ததும் நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? நல்லவேளை, அக்காவுக்குத் தெரியாது. அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. எனக்குச் சிரிப்பு வருகிறது.

மெஷினை விட்டுவிட்டேன். முதலாளியிடம் தோள்வலி என்று சொன்னேன். பார், அதிலும் உண்மை இல்லை. இப்போது தாள் மடிக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

20ஆம் தேதி நான் போகப்போவதில்லை. நோட்டை நீயே வைத்துக்கொள்.


மார்ச் 13

தம்பி,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். சரி. எனக்கு இது வேண்டியதுதான்.

20ஆம் தேதி நான் நோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும். நான் சொன்னதை நான்தானே திருப்பி வாங்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு அறவே நிற்கும், மற்றவர்களுக்குக் குறையும், சிலருக்கு ஒரு மாற்றமும் இருக்காது என்றார். நீ எதில் இருப்பாய் என்று கத்தி வைக்கும் முன் சொல்ல முடியாது என்றார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அறவே நிற்பவர்களில் ஒருவன் என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். பிறகு அப்படியே நடித்தோம்.

அக்கா


மார்ச் 20

தம்பி,

நீ முந்திக்கொண்டாய். 18ஆம் தேதியே வந்து போய்விட்டாயாம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில், என்ன சொல்வது எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நான் நோட்டை நீட்டுவதற்குள் டாக்டர், "உங்க தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவங்ககிட்டயும் மறைச்சேன்னு சொன்னார்" என்றார்.

நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது, துரை. நீ விரித்த குடைக்குள் நின்றுகொண்டு, ஆமாம் டாக்டர், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். நோட்டைப் பைக்குள் பாதி திணித்தும்விட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். தேதி மட்டும் எழுதிய அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். எனக்காக நீ சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்குப் போட்டுக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் மாதத்துக்கு எட்டு, பத்து. இப்போது பதின்மூன்று மாதத்தில் ஒன்பது, அதுவும் சின்னது. "இது தோல்வி இல்லம்மா. பூஜ்யமும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நிறைய பேர் இருக்காங்க" என்றார். அதன் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போன மார்ச்சில் உன் மூன்று மாத்திரையை இரண்டாகக் குறைத்தது நம் இருவர் பேச்சையும் நம்பித்தான் என்றார். அந்த ஒன்பதில் எத்தனை அதனால் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேஜைக்குக் கீழே அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறாராம், உன்னிடம் சீட்டு இருக்கும். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், உன் தம்பி தங்கியிருக்கும் அறை எத்தனையாவது மாடி என்று கேட்டார். அதிலிருந்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் எனக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வதை நான் கேட்கும் நிலையில் இல்லை.

டாக்டரிடம் சொன்னாய். முதலாளியிடமும் சொல்லிவிடு. இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது. அங்கே உன்னோடு நான் வர முடியாது. வந்தால் அக்காவைக் கூட்டிவந்தவன் ஆகிவிடுவாய்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் சொல், தரைத்தளம்தான். படி ஏறி இறங்கும் வேலை இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அந்த மெஷினைப் பார்த்தார். பிறகு, மடிக்கிற மேஜையிலேயே இரு என்றார். சம்பளம் குறைவு. பக்கத்தில் உட்காரும் பெண்கள் ஒன்றிரண்டு நாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இப்போது, வாய் மென்றால் தட்டி எழுப்ப வேண்டுமா சும்மா விட வேண்டுமா என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். சும்மா விடச் சொன்னேன்.

அந்த வீட்டுக்கு மூன்று தடவை போனேன். இரண்டு தடவை தெருமுனையில் நின்று திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை, நேற்று, மத்தியானம், வாசல் திறந்தே இருந்தது. முன்னறையில் அந்த அம்மா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, தைத்து முடித்த துணிகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பார்கள், குடித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நின்றபடியே சொன்னேன். எனக்கும் வருகிறது, பதின்மூன்று மாதமாக வருகிறது, உங்களைச் சந்தித்தபோதே வந்துகொண்டிருந்தது, அன்று பட்டறையில் நீங்கள் கேட்டபோது தெரிந்தேதான் மாத்திரை மேல் பழி போட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "அப்போ எனக்கு மட்டும் இல்லையாண்ணா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, மாடிப்படியில் விழுந்தது முதல் தடவை இல்லை, அதற்கு முன் ஆறு தடவை வந்தது என்றாள். அண்ணாவுக்கு வராதபோது தனக்கு மட்டும் வந்தால், தான்தான் ஏதோ கெடுத்துக்கொண்டோம் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். என் ஒரு பொய்க்கு அந்த வீட்டில் ஆறு, அக்கா.

அந்த அம்மா என்னைத் திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மெஷினிலிருந்து துணியை எடுத்தார். நூலை அறுத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"உண்மையச் சொல்லியிருந்தாலும் நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருப்பேன் தம்பி. மாசம் பத்து வந்தது ஒண்ணா குறையும்னா அதுவே எனக்குப் போதும். ஆனா இவளை அடிச்சிருக்க மாட்டேன்."

 அந்த அம்மா எழுந்து வந்து அந்தப் பெண்ணின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது, அங்கே ஒன்றும் இருக்காது. அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தம்பி